மூச்சும் ரத்தத்தின் அமிலச் சமநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரின் ரத்த வாயுப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கிய உறவினர், உடலியங்கியல் படிக்கும் மாணவர், பதற்றத்தில் மூச்சு வாங்கி விரல்கள் மரத்துப்போனவர் எனப் பலரும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஆக்சிஜனைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஆனால் ரத்தத்தின் அமிலத்தன்மையை நொடிக்கு நொடி திருத்திக்கொண்டிருப்பதும் மூச்சுதான் என்பது பலருக்கும் தெரிவதில்லை. அதை விளங்கிக்கொண்டால் கீழுள்ள பெரும்பாலான கேள்விகளுக்கு விடை தானாகவே தெளிவாகும்.

மூச்சு தானாக நடக்கிறதா, நாம் நினைத்து நடத்துகிறோமா?

இரண்டும் உண்டு. மூளையின் அடிப்பகுதியில், தண்டுவடம் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் முகுளத்தில், மூச்சின் தாளத்தை உருவாக்கும் நரம்பு அணுக்கூட்டங்கள் உள்ளன. அங்கிருந்து புறப்படும் கட்டளை தண்டுவடத்தின் வழியே இறங்கி, உதரவிதானத்தையும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளையும் இயக்குகிறது. ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை லிட்டர் காற்று உள்ளே சென்று திரும்புகிறது. பேசும்போதும் பாடும்போதும் நீரில் மூழ்கும்போதும் பெருமூளை இந்தத் தாளத்தின் மீது தன் கட்டளையைச் செலுத்துகிறது. ஆனால் அந்த அதிகாரத்துக்கு எல்லை உண்டு. எவ்வளவு மன உறுதி உடையவரானாலும், மூச்சை அடக்கியே உயிரை விட்டுவிட முடியாது. ஒரு கட்டத்தில் முகுளம் மூச்சை இழுக்க வைத்துவிடும்.

அந்தக் கட்டத்தைத் தீர்மானிப்பது எது? ஆக்சிஜன் குறைவா, கரியமில வாயு மிகுதியா?

நலமாக உள்ளவரிடம், பெரும்பாலும் கரியமில வாயு. மூச்சை அடக்கும்போது நெஞ்சில் எழும் தவிப்பு, அந்த வாயு ரத்தத்தில் ஏறுவதால் வருவது. 1905-இல் உடலியங்கியல் அறிஞர்களான ஜான் ஸ்காட் ஹால்டேன், ஜான் பிரீஸ்ட்லி ஆகிய இருவரும் நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் உள்ள காற்றை எடுத்து அளந்தார்கள். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை மீதும், கார்ன்வாலில் உள்ள டோல்கோத் சுரங்கத்தின் ஆழத்திலும் அளந்தபோது, வெளிக்காற்றின் அழுத்தம் மாறியும் நுண்ணறைகளில் கரியமில வாயுவின் அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. உடல் எதைக் கண்ணும் கருத்துமாகக் காக்கிறது என்பதை அந்த அளவீடு காட்டிக்கொடுத்தது.

இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு கணக்கு போதும். தமனி ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் பொதுவாக 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். அது ஒரே ஒரு மில்லிமீட்டர் ஏறினால், நிமிடத்துக்கு நாம் விடும் காற்றின் அளவு இரண்டு முதல் மூன்று லிட்டர் வரை கூடுகிறது. ஓய்வில் நாம் விடுவதே நிமிடத்துக்கு ஆறு லிட்டர் அளவுதான்.

நைட்ரஜன் நிரம்பிய தொட்டிக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ இறங்குபவர்கள் எச்சரிக்கை எதுவும் உணராமல் மயங்கி விழுவதற்கும் காரணம் இதுவே. அங்கே ஆக்சிஜன் இல்லை. ஆனால் கரியமில வாயுவை அவர்கள் தடையின்றி வெளியேற்றிக்கொண்டிருப்பதால் தவிப்பு எழுவதில்லை. ஒருவர் விழுந்ததைக் கண்டு மூச்சுக்கருவி இல்லாமல் காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் அப்படியே விழுகிறார். மூடிய இடங்களில் வேலை செய்பவர்கள் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும்.

கரியமில வாயுவுக்கும் அமிலத்தன்மைக்கும் என்ன தொடர்பு?

கரியமில வாயு நீரில் கரைந்தால் கார்போனிக் அமிலமாகிறது. அந்த அமிலம் உடனே, அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனியாகவும், அமிலத்தைச் சமன்செய்யும் காரப்பொருளான பைகார்பனேட்டாகவும் பிரிகிறது. ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் உள்ள கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி இந்த வினையை மிகப்பெரிய வேகத்தில் நடத்துகிறது. திசுக்களில் உண்டாகும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 70 சதவீதம் இவ்வாறு பைகார்பனேட்டாக மாறித்தான் நுரையீரலுக்குப் பயணம் செய்கிறது. நுரையீரலில் அதே வினை திரும்ப நடந்து, வாயு வெளியேறுகிறது. எனவே மூச்சு குறைந்தால் வாயு தேங்கி ரத்தம் அமிலப் பக்கம் சாய்கிறது. மூச்சு தேவைக்கு மேல் கூடினால் காரப் பக்கம் சாய்கிறது.

முகுளத்தின் முன்புறப் பரப்பை ஒட்டியுள்ள வேதி உணர்விகள் கவனிப்பது இந்த அமிலத்தன்மையைத்தான். ரத்தத்தில் உள்ள ஹைட்ரஜன் அயனி மூளைக்குள் எளிதில் நுழைய முடியாது. ஆனால் கரியமில வாயு தடையின்றி நுழைந்து, மூளையைச் சூழ்ந்த திரவத்தில் அமிலமாகிறது. அந்தத் திரவத்தில் அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும் புரதங்கள் மிகக் குறைவு என்பதால், சிறு மாற்றமும் அங்கே உடனே தெரிந்துவிடுகிறது.

ரத்தத்தின் பி.எச். 7.35 முதல் 7.45 வரை என்கிறார்கள். இவ்வளவு குறுகிய வரம்பு ஏன்?

பி.எச். என்பது அமிலத்தன்மையைக் குறிக்கும் எண்; அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது. எண்ணைப் பார்த்தால் வரம்பு குறுகியதாகத் தெரியும், ஆனால் பி.எச். மடக்கை (லாக்) அளவில் எழுதப்படுவது. பி.எச். 7.4 என்றால் ஒரு லிட்டரில் 40 நானோமோல் ஹைட்ரஜன் அயனி உள்ளது என்று பொருள். அது 7.1-க்கு இறங்கினால் அயனியின் அளவு 80 நானோமோலாக, அதாவது இருமடங்காக, உயர்ந்துவிட்டது. நொதிகளும், இதயத் தசையின் சுருக்கமும், நரம்புகளின் மின்னோட்டமும் இந்த அளவைப் பொறுத்தே சரியாக நடக்கின்றன. அறிக்கையில் 0.1 குறைந்திருப்பதைக் கண்டு மருத்துவர் பரபரப்பது ஏன் என்று வியப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஆக்சிஜனை உடல் கண்காணிப்பதே இல்லையா?

கண்காணிக்கிறது, வேறோர் இடத்தில். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், இரு பக்கமும், சில மில்லிமீட்டர் அளவே உள்ள கரோட்டிட் உறுப்புகள் அமைந்துள்ளன. எடைக்கேற்பக் கணக்கிட்டால் மூளையைவிடப் பல மடங்கு ரத்தம் அவற்றில் பாய்கிறது. இவற்றின் பணியைக் கண்டறிந்ததற்காக பெல்ஜியத்தைச் சேர்ந்த கார்னேய் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கும்போது இந்த உறுப்புகள் வலுவாகக் குரல் எழுப்புகின்றன.

ஏன் 60? ஹீமோகுளோபினின் இயல்பைப் பார்த்தால் புரியும். ஆக்சிஜன் அழுத்தம் 100-லிருந்து 60-க்கு இறங்கினாலும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைந்தே இருக்கும். அதற்குக் கீழே போனால் நிறைவு செங்குத்தாகச் சரிகிறது. 40-இல் 75 சதவீதம், 27-இல் பாதி. சரிவு தொடங்கும் விளிம்பில்தான் உடல் தன் காவலை நிறுத்தியிருக்கிறது.

இந்தக் காவலில் ஓர் ஓட்டையும் உண்டு. கரோட்டிட் உறுப்பு உணர்வது ரத்தத்தில் கரைந்துள்ள ஆக்சிஜனின் அழுத்தத்தை. ஹீமோகுளோபின் எவ்வளவு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதை அன்று. கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டால் திசுக்கள் ஆக்சிஜனுக்குத் தவிக்கும். அழுத்தமோ மாறாமல் நிற்கும். அதனால் மூச்சுத்திணறல் இன்றியே, தலைவலியும் தூக்கமும் மட்டும் உணர்ந்து, மனிதர்கள் இறக்கிறார்கள்.

நுரையீரலும் சிறுநீரகமும் எப்படி வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன?

வேகமான வேலை நுரையீரலுடையது. சில நிமிடங்களில் கரியமில வாயுவின் அளவை அது மாற்றிவிடும். நாளொன்றுக்கு 13,000 மில்லிமோலுக்கும் மேற்பட்ட வாயு அவ்வழியே வெளியேறுகிறது. வாயுவாக மாற முடியாத அமிலங்கள், புரதச் சிதைவில் உண்டாகும் கந்தக அமிலம் போன்றவை, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமோல் அளவில் சேர்கின்றன. இவற்றைச் சிறுநீரகம் மட்டுமே வெளியேற்ற முடியும். அத்துடன், வடிகட்டப்படும் பைகார்பனேட் முழுவதையும் வீணாக்காமல் திரும்ப எடுத்துக்கொள்வதும் அதன் பொறுப்பு. ஆனால் சிறுநீரகத்தின் திருத்தம் முழுமையடைய மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும்.

பி.எச். அளவைத் தீர்மானிப்பது பைகார்பனேட்டுக்கும் கரைந்த கரியமில வாயுவுக்கும் உள்ள விகிதம். நலமான நிலையில் அது 20-க்கு 1. ஒன்று குறைந்தால் மற்றதையும் குறைத்து விகிதத்தைக் காப்பதே உடலின் உத்தி.

ரத்த வாயு அறிக்கையை எப்படிப் படிப்பது?

பெரும்பாலும் மணிக்கட்டில் உள்ள தமனியிலிருந்து, உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பூசிய சிரிஞ்சில் இந்த ரத்தம் எடுக்கப்படுகிறது. சிரிஞ்சில் காற்றுக்குமிழி நின்றாலோ, நீண்ட நேரம் கழித்து அளந்தாலோ எண்கள் பிழைபடும். முதலில் பி.எச். பார்க்க வேண்டும், பிறகு கரியமில வாயு, அதன்பின் பைகார்பனேட்.

எடுத்துக்காட்டாக, ஓர் அறிக்கையில் பி.எச். 7.17, கரியமில வாயு 17, பைகார்பனேட் 6 என்று இருப்பதாகக் கொள்வோம். பைகார்பனேட்டின் இயல்பான அளவு 22 முதல் 26. அது 6-க்கு இறங்கியிருப்பதால் ஏதோ ஓர் அமிலம் அதைத் தின்றுவிட்டது என்று தெரிகிறது. இன்சுலின் இல்லாமல், கொழுப்பு சிதைவதால் உண்டாகும் கீட்டோன் அமிலங்கள் பெருகிய நீரிழிவு நோயாளியிடம் இத்தகைய எண்களைக் காணலாம். கரியமில வாயு 17 வரை இறங்கியிருப்பது நோய் அன்று. அது உடலின் பதில். இடைவிடாத, ஆழமான மூச்சால் வாயுவை வெளியேற்றி விகிதத்தைக் காக்க நோயாளியின் முகுளம் போராடிக்கொண்டிருக்கிறது. 1874-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மவுல் விவரித்த மூச்சு இதுவே. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இந்த நோயாளி களைத்துப்போனார் என்று மயக்க மருந்து கொடுத்து, வென்டிலேட்டரில் இணைத்து, வாயுவை இயல்பான அளவான 40-இல் வைத்தால் என்ன ஆகும்? கணக்கிட்டுப் பார்த்தால் பி.எச். 6.9 வரை சரிந்துவிடக்கூடும். இதயம் நின்றுபோகும் அபாயம் உண்டு. இத்தகைய நோயாளியை வென்டிலேட்டரில் வைத்தே தீர வேண்டுமென்றால், அவர் தாமாக விட்டுக்கொண்டிருந்த அளவுக்கு மூச்சைக் கருவியும் கொடுக்க வேண்டும். அறிக்கையில் வரம்புக்கு வெளியே உள்ள எண் ஒவ்வொன்றையும் திருத்த முனைவது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பைகார்பனேட் கூடியிருந்தால் ரத்தம் காரமாகிவிட்டது என்றுதானே பொருள்?

அப்படி எண்ணியதால் உயிர்கள் போயிருக்கின்றன. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத்தசைகள் செயலிழந்த நோயாளிகள் பிளெக்டாம் மருத்துவமனையில் குவிந்தார்கள்; அங்கே இரும்பு நுரையீரல் என்னும் கருவி ஒன்றே ஒன்றும், மார்பில் பொருத்தும் சிறு கருவிகள் ஆறும் மட்டுமே இருந்தன. தொடக்கத்தில் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் இறந்தார்கள். அவர்களின் ரத்தத்தில் மொத்தக் கரியமில வாயுவின் அளவு, அதாவது பெரும்பாலும் பைகார்பனேட், மிக உயர்ந்திருந்தது. அதை ஏதோ இனம்புரியாத காரமிகுதி என்று மருத்துவர்கள் கருதினார்கள்.

மயக்கவியல் மருத்துவரான பியோன் இப்சன் வேறு விதமாகப் படித்தார். நோயாளிகள் போதுமான மூச்சு விடாததால் கரியமில வாயு தேங்கியிருக்கிறது. பைகார்பனேட் உயர்ந்தது அதன் விளைவு. ரத்தம் உண்மையில் அமிலமாகத்தான் இருக்கும் என்றார். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழாயில் துளையிடச் செய்து, குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார். தேங்கிய வாயு இறங்கியது, சிறுமி பிழைத்தாள். போல் ஆஸ்ட்ரூப் ஆய்வகத்தில் பி.எச். அளந்து, இப்சன் சொன்னது சரி என்று உறுதிப்படுத்தினார். அதன்பின் ஏறக்குறைய 1,500 மாணவர்கள், முறைவைத்து, இரவு பகலாக நோயாளிகளின் படுக்கையருகே அமர்ந்து பைகளைக் கையால் அழுத்தினார்கள். பத்தில் எட்டுக்கு மேல் இருந்த இறப்பு, ஏறக்குறைய நான்காகக் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடும், இன்று நாம் காணும் ரத்த வாயுப் பரிசோதனையும் வளர்ந்தது அந்த மாதங்களிலிருந்துதான். ஓர் எண்ணைச் சரியாகப் படித்ததால் இத்தனை உயிர்கள் காக்கப்பட்ட நிகழ்வு மருத்துவ வரலாற்றில் அரிது.

பதற்றத்தில் வேகமாக மூச்சு விடும்போது விரல்கள் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் ஏன்?

தேவைக்கு மேல் மூச்சு விடுவதால் கரியமில வாயு இறங்கி, ரத்தம் காரப் பக்கம் சாய்கிறது. அப்போது ரத்தத்தில் கட்டற்றுத் திரியும் கால்சியம் அயனிகள் அல்புமின் புரதத்துடன் கூடுதலாகப் பிணைவதால், நரம்புகள் எளிதில் தூண்டப்படுகின்றன. உதடுகளைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் குறுகுறுப்பு தோன்றும். தீவிரமானால் கட்டைவிரல் உள்ளங்கையை நோக்கி மடங்கி, விரல்கள் விறைத்துக் குவிந்துவிடும். வாயு குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்களும் சுருங்குவதால் தலைசுற்றலும் கண் மங்கலும் வரும். இவ்வளவுக்கும் ஆக்சிஜன் குறைந்திருக்காது.

காகிதப் பையை முகத்தில் வைத்து மூச்சு விடச் சொல்லும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டும். மாரடைப்பு, நுரையீரலில் ரத்தக்கட்டி, மேலே சொன்ன நீரிழிவு அமிலநிலை ஆகியவற்றிலும் மூச்சு வேகமாகவே இருக்கும். அத்தகைய நோயாளிகளிடம் பை உயிருக்கே ஆபத்தாகிவிடும். வேறு நோய் இல்லை என்று உறுதியானவர்கள், மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் போதும்.

நீரில் மூழ்குமுன் பலமுறை ஆழமாக மூச்சிழுத்தால் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கலாமா?

நேரம் கூடும், ஆனால் ஆபத்து அதைவிட அதிகமாகக் கூடும். ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97 சதவீதம் அளவில் நிறைந்திருப்பதால், பலமுறை மூச்சிழுத்து ஆக்சிஜனைப் பெரிதாகச் சேமிக்க முடியாது. வெளியேறுவது கரியமில வாயு, அதாவது எச்சரிக்கை மணி. அது மீண்டும் தவிப்பை எழுப்பும் அளவுக்கு ஏறுமுன்பே ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறக்கிறார்கள்.

மிக உயரமான மலைகளில் என்ன நடக்கிறது?

அங்கே இரண்டு காவலர்களும் எதிரெதிராக இழுக்கிறார்கள். ஆக்சிஜன் குறைவதால் கரோட்டிட் உறுப்புகள் மூச்சைக் கூட்டுகின்றன; கூடிய மூச்சால் கரியமில வாயு இறங்க, முகுளத்தின் உணர்விகள் அதைத் தடுக்கின்றன. சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றிச் சமன்செய்யும் வரை, முதல் சில நாட்கள் தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வரும். அசெட்டசோலமைடு மாத்திரை இந்த வெளியேற்றத்தை விரைவுபடுத்தியே உதவுகிறது. 1981-இல் எவரெஸ்ட் உச்சியில் அளந்தபோது காற்றழுத்தம் 253 மில்லிமீட்டர். நுண்ணறைகளில் கரியமில வாயு வெறும் 7.5. அந்த அளவுக்கு மூச்சைக் கூட்டினால்தான் அங்கே உயிர் தரிக்க முடியும்.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு ஆக்சிஜனை அளந்து கொடுப்பது ஏன்?

இவர்களில் சிலருக்குக் கரியமில வாயு எப்போதும் உயர்ந்தே இருக்கும்; சிறுநீரகமும் பைகார்பனேட்டை உயர்த்தி ஈடுசெய்திருக்கும். இவர்களுக்கு ஆக்சிஜனை அளவின்றிக் கொடுத்தால் வாயு மேலும் தேங்கக்கூடும். மூச்சின் தூண்டுதல் குறைவது ஒரு காரணம். காற்றோட்டம் குன்றிய நுரையீரல் பகுதிகளுக்கு ரத்தம் திரும்பப் பாய்வதும், ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபின் கரியமில வாயுவைக் கைவிடுவதும் அதைவிடப் பெரிய காரணங்கள். ஆகவே இவர்களுக்கு 88 முதல் 92 சதவீத நிறைவை இலக்காக வைக்கிறார்கள். ஆக்சிஜனை அறவே மறுப்பது இதைவிடப் பெரிய தவறு.

காரத்தன்மையுள்ள உணவோ நீரோ ரத்தத்தைக் காரமாக்குமா?

ஆக்காது. சிறுநீரின் பி.எச். மாறலாம், ரத்தத்தின் பி.எச். அளவை நுரையீரலும் சிறுநீரகமும் அசையவிடுவதில்லை.

பல்ஸ் ஆக்சிமீட்டரில் 98 காட்டினால் கவலை இல்லையா?

அந்தக் கருவி ஹீமோகுளோபின் எவ்வளவு நிறைந்துள்ளது என்பதை மட்டுமே சொல்கிறது. கரியமில வாயுவைப் பற்றியும் அமிலத்தன்மையைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. மேலே கண்ட நீரிழிவு நோயாளியின் விரலில் மாட்டினாலும் 98 காட்டலாம். கார்பன் மோனாக்சைடு கலந்த ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் நிறைந்ததாகவே அது எண்ணிக்கொள்ளும். ஓபியாய்டு வகை வலி மருந்து அளவு மிஞ்சியவருக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால், மூச்சு ஆபத்தான அளவுக்குக் குறைந்தும் எண் நன்றாகவே இருக்கும். வாயு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

அப்படியானால் வீட்டில் எதைக் கவனிப்பது?

மூச்சின் எண்ணிக்கையை. வெப்பமானியும் ஆக்சிமீட்டரும் உள்ள வீடுகளில்கூட இதை யாரும் எண்ணுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது. நோயாளி ஓய்வாக இருக்கும்போது, எண்ணுகிறோம் என்று அவருக்குத் தெரியாமல், நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்போ வயிறோ எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும்; எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும். பெரியவரிடம் நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 8 அல்லது அதற்குக் கீழ் இருந்தாலோ உடனே மருத்துவ உதவி தேவை. குழந்தைகளின் எண்ணிக்கை இயல்பாகவே அதிகம்: இரண்டு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு 60, இரண்டு முதல் 12 மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்பவை வேகமான மூச்சுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லைகள். எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், உதடு நீலம் பாய்வது, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுவது, காரணமின்றி உறக்கத்தில் ஆழ்வது, மூச்சில் அழுகிய பழத்தின் வாடை வீசுவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.